லேப்டாப்பில் வயர்லெஸுக்கென்று தனி சுவிட்ச் எதற்காக இருந்தது?

உங்கள் பழைய அலுவலக லேப்டாப்பின் விளிம்பில் ரேடியோ அலை படம் போட்ட ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கிறது; புது லேப்டாப்பில் எங்கே தேடினாலும் அது இல்லை. விமானத்துக்காக மட்டும்தான் அதை வைத்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, திரையில் வைஃபையை ஆஃப் செய்வதும் அந்தச் சுவிட்சைத் தள்ளுவதும் ஒன்றுதானா என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது இந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டும் ஒன்றுதான் என்றால் சுவிட்ச் போனதில் நஷ்டம் எதுவும் இல்லை. வேறுவேறு என்றால், புது லேப்டாப்பில் ஏதோ ஒன்றை நம்மிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

லேப்டாப் மதர்போர்டு வேலையில் பல வருடங்கள் இருந்துவிட்டு, பிறகு அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் பக்கம் வந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். விமானம் ஒரு காரணம்தான், ஆனால் ஒரே காரணம் இல்லை. அந்தக் காலத்து மென்பொருளை நம்பி வயர்லெஸை நிறுத்த முடியாது என்பதே பெரிய காரணம். சுவிட்சும் திரையும் ஒன்றா என்பது மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் அந்தச் சுவிட்ச் ரேடியோவை நேரடியாக நிறுத்தும். சிலவற்றில் அதுவும் மென்பொருளுக்குத் தகவல் சொல்லும் ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

முதலில் அது எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1999-இல் வைஃபைக்கான 802.11பி தரநிலை வந்த காலத்தில், பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை உள்ளே கிடையாது. பக்கவாட்டில் இருக்கும் பிசிஎம்சிஐஏ துளையில் ஒரு கார்டைச் செருகுவோம். அதன் ஆன்டெனா முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வயர்லெஸ் வேண்டாமென்றால் கார்டை உருவி எடுத்துவிட்டால் முடிந்தது. 2003 மார்ச்சில் இன்டெல் சென்ட்ரினோவைக் கொண்டுவந்தது. பென்டியம் எம் பிராசசர், அதற்கான சிப்செட், இன்டெலின் வைஃபை கார்டு மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் தயாரிப்பாளர் லேப்டாப்பில் சென்ட்ரினோ ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளலாம். அதன் பிறகு வைஃபை லேப்டாப்பின் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆன்டெனாவும் திரையின் ஓரச் சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டது. உருவி எடுக்க இனி எதுவும் இல்லை. தயாரிப்பாளர்களின் கூட்டங்களில் நான் உட்கார்ந்ததில்லை, எனவே இதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த உருவும் வேலையைத்தான் விளிம்பில் வைத்த சுவிட்ச் ஏற்றுக்கொண்டது.

விமானக் கதைக்கு வருவோம். இதில் இரண்டு விதிகளைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, பறக்கும் விமானத்தில் செல்போன் பயன்படுத்துவதை 1991-இல் தடை செய்தது. இதன் முக்கிய நோக்கம் தரையில் இருக்கும் செல்போன் வலையமைப்பைக் காப்பாற்றுவது. உயரத்தில் இருக்கும் ஒரு போனுக்கு ஒரே நேரத்தில் ஏராளமான கோபுரங்கள் தெரியும். அத்தனையிலும் அது இரைச்சலைக் கிளப்பும். அந்த விதி செல்போன் அலைவரிசை பற்றியது, வைஃபையைத் தொடவில்லை. இன்னொரு விதி விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவுடையது. பயணிகளின் மின்னணுக் கருவிகள் விமானத்தின் வழிகாட்டும் கருவிகளைக் குழப்பாது என்று உறுதி செய்துகொள்ள வேண்டியது விமான நிறுவனத்தின் பொறுப்பு என்று அது சொன்னது. அந்தப் பொறுப்புக்குப் பயந்து 10,000 அடி உயரம் வரை எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வதும், அதற்கு மேலே லேப்டாப்பை அனுமதித்தாலும் ரேடியோவை ஆஃப் செய்யச் சொல்வதும் வழக்கமாயிற்று. 2013 அக்டோபர் கடைசியில்தான் எஃப்ஏஏ இதைத் தளர்த்தி, ஏர்பிளேன் மோடில் இருந்தால் பயணம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வழிவிட்டது.

இவை அமெரிக்க விதிகள் என்றாலும், லேப்டாப் உலகமெங்கும் ஒரே வடிவத்தில்தான் விற்றது. சிம் போடும் 3ஜி மாட்யூல் லேப்டாப்புக்குள் வந்ததும் விஷயம் இன்னும் கறாராகிவிட்டது. எஃப்சிசி தடை சொன்ன செல்போன் ரேடியோவே இப்போது லேப்டாப்புக்குள் இருந்தது. விமானப் பணிப்பெண்ணின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பயணியின் திரையிலும் எட்டிப் பார்த்து, எந்த மெனுவில் எது ஆஃப் ஆகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவரால் முடியாது. விளிம்பில் ஒரு சுவிட்ச் இருந்தால், அது எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

இதைவிட முக்கியமான ஒன்றை இந்தப் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். திரையில் வைஃபையை ஆஃப் செய்ய வேண்டுமென்றால், முதலில் லேப்டாப்பை ஆன் செய்தாக வேண்டும். அந்தக் கால விண்டோஸ் எக்ஸ்பியில் நீங்கள் பாஸ்வேர்டு போடுவதற்கு முன்பே வைஃபை கார்டை இயக்கும் நிரலான டிரைவர் ஏறி, ரேடியோ விழித்துக்கொண்டு, சுற்றுப்புறத்தில் என்ன நெட்வொர்க் இருக்கிறது என்று தேடத் தொடங்கியிருக்கும். ஆஃப் செய்யப் போனவர், ஆஃப் செய்வதற்காகவே அதைச் சில நிமிடம் ஆன் செய்ய வேண்டிய நிலை. தள்ளு சுவிட்ச் அப்படியில்லை. லேப்டாப் அணைந்திருக்கும்போதே, பைக்குள் வைப்பதற்கு முன்பே, தள்ளிவிட்டுப் போகலாம். அது தூக்கத்திலிருந்து தானாக விழித்தாலும், பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும், விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் சுவிட்ச் வைத்த இடத்திலேயே இருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பியின் இன்னொரு குறை, வயர்லெஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்தும் வசதி அதில் இல்லாதது. வைஃபைக்கு ஒரு நிரல், புளூடூத்துக்கு வேறொரு நிறுவனத்தின் நிரல், 3ஜி மாட்யூலுக்கு மூன்றாவது நிரல். போதாததற்கு லேப்டாப் தயாரிப்பாளர் தன் பங்குக்கு ஒரு நிரலைச் சேர்த்திருப்பார். இவற்றில் ஒன்று ஆஃப் செய்ததை இன்னொன்று ஆன் செய்துவிடும். இந்தக் குழப்பத்துக்கு மேலே, எல்லா ரேடியோவையும் ஒரே தள்ளலில் நிறுத்தும் ஒரு சுவிட்ச் வந்தபோது அது எவ்வளவு நிம்மதி என்பது அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். டெல் லாட்டிட்யூட் போன்ற அலுவலக மாடல்களில், அந்தச் சுவிட்ச் எந்தெந்த ரேடியோவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸிலேயே தேர்ந்தெடுக்கலாம்.

ஆப்பிள் பக்கம் பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுப்படும். 1999-இல் வந்த ஐபுக்கில் ஏர்போர்ட் கார்டு போட்டுக்கொள்ளலாம். பரவலாக விற்ற லேப்டாப்களில் வைஃபையை முதலில் கொண்டுவந்தவற்றுள் அதுவும் ஒன்று. ஆனால் ஆப்பிள் தன் லேப்டாப்களில் வயர்லெஸுக்கென்று தள்ளு சுவிட்ச் வைக்கவில்லை. மெனு பட்டியிலேயே ஆஃப் செய்யும் வசதி இருந்தது. அந்த லேப்டாப்பும் விமானத்தில்தான் பறந்தது, அதே விதிகள்தான் அதற்கும். விமான விதிதான் முழுக்காரணம் என்றால் ஆப்பிளும் வைத்திருக்க வேண்டும். வன்பொருளையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் செய்ததால் அங்கே மென்பொருளே போதுமானதாக இருந்தது என்பது என் கருத்து. விண்டோஸ் உலகத்தில் அந்த ஒருங்கிணைப்பு இல்லாததால்தான் பிளாஸ்டிக்கில் ஒரு சுவிட்ச் தேவைப்பட்டது.

பேட்டரி விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால வைஃபை கார்டுகள் தரவு அனுப்பும்போது ஒன்றிலிருந்து இரண்டு வாட் வரை இழுக்கும். சும்மா தேடிக்கொண்டிருந்தாலும் கணிசமாக இழுக்கும். லேப்டாப் முழுவதுமே 15 வாட் அளவில் ஓடும்போது அது கண்ணுக்குத் தெரியும் செலவு. இன்றைய கார்டுகள் வேலையில்லாதபோது நன்றாகத் தூங்கப் பழகிவிட்டன. அதனால் பேட்டரிக்காகச் சுவிட்ச் வேண்டும் என்ற காரணம் ஏறக்குறைய போய்விட்டது.

நிறுவனங்கள் இந்தச் சுவிட்சை விரும்பியதற்குப் பாதுகாப்பும் காரணம். ஆரம்ப வைஃபையின் பூட்டான டபிள்யூஇபியில் இருந்த பலவீனத்தை 2001-இலேயே ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். எக்ஸ்பியோ, தான் முன்பு இணைந்த நெட்வொர்க்குகளின் பெயர்களைச் சொல்லிச்சொல்லிக் காற்றில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பெயரில் யாராவது ஒரு பொய் நெட்வொர்க்கை வைத்தால் போய் ஒட்டிக்கொள்ளும். விமான நிலையங்களில் ‘ஃப்ரீ பப்ளிக் வைஃபை’ என்ற பெயரில் ஒரு நெட்வொர்க் அடிக்கடி தெரிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அது யாரும் நடத்திய சேவை இல்லை. தெரிந்த நெட்வொர்க் எதுவும் கிடைக்காதபோது, கடைசியாகச் சேர்ந்த நேரடி (லேப்டாப்புக்கு லேப்டாப்) இணைப்பின் பெயரை எக்ஸ்பி தானே ஒலிபரப்பும். அதைப் பார்த்து இன்னொருவர் இணைவார். பிறகு அவருடைய லேப்டாப்பும் அதே பெயரை ஒலிபரப்பத் தொடங்கும். இப்படி லேப்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு அந்தப் பெயர் பரவியது. எக்ஸ்பிக்கான சர்வீஸ் பேக் 3 என்ற திருத்தத் தொகுப்பு வந்த பிறகே இந்தப் பழக்கம் நின்றது.

எதனோடும் இணையாமல், ரேடியோ வெறுமனே ஆன் ஆக இருப்பதே ஆபத்தாக முடியலாம். 2006-இல் இன்டெல் தன் சென்ட்ரினோ வைஃபை டிரைவர்களில் இருந்த கடுமையான ஓட்டைகளுக்குத் திருத்தம் வெளியிட்டது. 2017-இல் வெளிவந்த பிராட்பன் என்ற ஓட்டை, பிராட்காம் வைஃபை சிப் உள்ள போன்களை, பயனர் எதையும் தொடாமலே தாக்க இடம் கொடுத்தது. இந்த மாதிரித் தாக்குதலில் காற்றில் வரும் கெட்ட தரவுப் பாக்கெட்டை வாங்கும் வேலையைச் சிப்பே செய்துவிடுகிறது. ரேடியோ நிஜமாகவே நின்றிருந்தால் வாங்குவதற்கு எதுவும் இல்லை. ரகசிய ஆவணங்கள் உள்ள இடங்களிலும், மின் டெட்டனேட்டர் வைத்துப் பாறை உடைக்கும் இடங்களிலும் ரேடியோவை அணைக்கச் சொல்வதற்கு அவரவர் காரணம் உண்டு. பின்னதில், டெட்டனேட்டரின் கம்பியே ஆன்டெனாவாகி மின்சாரத்தைப் பிடித்துவிடக்கூடும் என்ற பயம். லேப்டாப் அளவு சக்தியில் அது நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் அங்கே யாரும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அணை என்றால் அணைக்க வேண்டியதுதான்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். சுவிட்ச் உள்ளே என்னதான் செய்கிறது? அடிமூடியைக் கழற்றினால் உங்கள் பழைய லேப்டாப்பில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வகை வைஃபை கார்டு இருக்க வாய்ப்பு அதிகம். தீப்பெட்டி அளவு பச்சைப் பலகை, மேலே இரண்டு மூன்று மெல்லிய ஆன்டெனா வயர்கள் சின்னப் பித்தளைத் தொப்பிகளால் அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். கீழே தங்க நிறத்தில் 52 பின்கள். ஒரு முகத்தில் ஒற்றைப்படை எண்கள், மறுமுகத்தில் இரட்டைப்படை எண்கள். பின் வரிசை நடுவே ஒரு வெட்டு இருக்கும். இரட்டைப்படைப் பக்கத்தில் அந்த வெட்டைத் தாண்டி இரண்டாவதாக இருப்பது 20-ஆம் பின். அதன் பெயர் டபிள்யூ-டிசேபிள். இதில் மின்னழுத்தம் மேலே இருந்தால் ரேடியோ இயங்கலாம். தரைக்கு, அதாவது பூஜ்ஜிய மின்னழுத்தத்துக்கு, இழுக்கப்பட்டால் கார்டு ரேடியோவை நிறுத்த வேண்டும். விளிம்பில் இருக்கும் சுவிட்ச், நேரடியாகவோ ஒரு சின்ன சர்க்யூட் வழியாகவோ, இந்தப் பின்னைத்தான் தரைக்கு இழுக்கிறது. இன்றைய எம்.2 கார்டுகளிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று என இரண்டு பின்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் துல்லியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பின் கார்டுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. கார்டு உயிரோடுதான் இருக்கும், விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரிலும் தெரியும். ‘ரேடியோவை நிறுத்து’ என்ற கட்டளை இயங்குதளத்தைத் தொடாமல் ஒரு கம்பி வழியாகக் கார்டுக்குப் போகிறது. அதற்குக் கீழ்ப்படிவது கார்டின் வேலை. குழாயைத் திருகி மூடுவதற்கும் தொட்டிக்கு அடியில் இருக்கும் வால்வை மூடுவதற்கும் நடுவில் எங்கோ இது நிற்கிறது. விண்டோஸோ அதில் நுழைந்த வைரஸோ இந்தக் கட்டளையை மாற்ற முடியாது. கார்டின் உள்நிரலையே ஒருவர் கைப்பற்றிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எல்லாக் கார்டுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. அது அந்தச் சிப்பின் உள்ளமைப்பைப் பொறுத்தது.

சுவிட்ச் உடைந்துபோன லேப்டாப்களில் 20-ஆம் பின்மேல் ஒரு துளி டேப் ஒட்டுவது பழுது பார்ப்பவர்களிடம் பழைய வழக்கம். பின் எதையும் தொடாததால், கார்டுக்குள் இருக்கும் ரெசிஸ்டர் அதை மேலேயே பிடித்து வைத்திருக்கும். ரேடியோ எப்போதும் ஆன். வேலை நடந்துவிடும். ஆனால் அந்தச் சுவிட்ச் இனி வெறும் அலங்காரம், அது வெளியே யாருக்கும் தெரியாது. பிறகு அந்த லேப்டாப்பை வாங்குபவர் சுவிட்சை நம்பி ஏமாறுவார். டேப் ஒட்டினால் உரிமையாளரிடம் சொல்லுங்கள், முடிந்தால் சுவிட்ச் அருகிலும் ஒரு குறிப்பு ஒட்டிவிடுங்கள் என்று என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்களுக்கு எப்போதும் சொல்வேன்.

இரண்டாவது வகை, சுவிட்ச் போலத் தோன்றும் பொத்தான். எஃப்என் சாவியோடு சேர்த்து அழுத்துவது, தொட்டால் விளக்கு நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறுவது எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. நீங்கள் அழுத்தியது கீபோர்டு, விசிறி, பேட்டரியை எல்லாம் கவனிக்கும் எம்பெடட் கண்ட்ரோலர் என்ற சின்னச் சிப்புக்குப் போகும். அது இயங்குதளத்திடம் சொல்லும், அல்லது தானே 20-ஆம் பின்னை இழுக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் வயர்லெஸ் பொத்தான் வேலை செய்யவில்லை, தயாரிப்பாளரின் பொத்தான் டிரைவரைப் போட்டதும் சரியானது என்றால், அது முழுக்க மென்பொருளை நம்பியிருந்த பொத்தான் என்று தெரிந்துகொள்ளலாம். சில மாடல்களில் தள்ளு சுவிட்சே இப்படித்தான் இணைக்கப்பட்டிருக்கும். வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்ய முடியாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது வகைதான் நிஜமான துண்டிப்பு. ரேடியோவுக்குப் போகும் மின்சாரமே நின்றுவிடும். பழைய லேப்டாப்களில் புளூடூத் பெரும்பாலும் உள்ளே ஒரு யூஎஸ்பி கருவியாக இணைக்கப்பட்டிருக்கும். சுவிட்சைத் தள்ளியதும் அது பென் டிரைவைப் பிடுங்கியது போல டிவைஸ் மேனேஜரிலிருந்தே மறைந்தால், மின்சாரம் நின்றுவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஒரே சுவிட்ச் புளூடூத்துக்கு மின்சாரத்தைத் துண்டித்து, வைஃபைக்கு வெறும் பின்னை இழுக்கும் மாடல்களும் உண்டு. தனியுரிமையை முன்வைத்து லேப்டாப் செய்யும் பியூரிசம் நிறுவனம் தன் லிப்ரெம் மாடல்களில் வயர்லெஸுக்கு ஒன்று, கேமராவுக்கும் மைக்குக்கும் ஒன்று என்று இந்த நோக்கத்தோடேயே சுவிட்ச் வைக்கிறது.

உங்கள் லேப்டாப் எந்த வகை என்று கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து பூட் செய்யுங்கள். ஹார்டு டிஸ்கைத் தொட வேண்டியதில்லை. டெர்மினலில் ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு ரேடியோவுக்கும் சாஃப்ட் பிளாக்ட், ஹார்ட் பிளாக்ட் என்று இரண்டு வரிகள் வரும். மென்பொருள் நிறுத்தியிருந்தால் முதலாவதில் யெஸ். மென்பொருளால் மாற்ற முடியாத தடை இருந்தால் இரண்டாவதில் யெஸ். சுவிட்சைத் தள்ளித் தள்ளிப் பாருங்கள், எந்த வரி மாறுகிறது என்று தெரியும். ஒரு எச்சரிக்கை: பட்டியலில் வைஃபை கார்டின் சொந்த வரியும் இருக்கும், லேப்டாப் தயாரிப்பாளரின் பெயரில் தனி வரியும் இருக்கக்கூடும். நம்ப வேண்டியது கார்டின் வரியை. லெனோவோவின் சில யோகா, ஐடியாபேட் மாடல்களில் சுவிட்சே கிடையாது. ஆனாலும் தயாரிப்பாளர் வரி ஹார்ட் பிளாக்ட் யெஸ் என்று காட்டியது. அந்த மாடல்களுக்கென்று லினக்ஸ் டிரைவரில் ஒரு விதிவிலக்குப் பட்டியலே வைக்க வேண்டி வந்தது. கார்டின் வரி மாறினால் 20-ஆம் பின் இழுக்கப்படுகிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அந்தப் பின்னை இழுப்பது சுவிட்சா, நடுவில் இருக்கும் கண்ட்ரோலரா என்பதை உங்கள் போர்டின் சர்க்யூட் படம் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் காணாமல் போயிற்று? 2012-இல் வந்த விண்டோஸ் 8, ஏர்பிளேன் மோட் என்று ஒரே இடத்தில் எல்லா ரேடியோவையும் நிறுத்தும் வசதியைக் கொண்டுவந்தது. வயர்லெஸ் பொத்தான் வைத்தால் அது இந்த ஏர்பிளேன் மோடை மாற்றும் பொத்தானாக இருக்கட்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு வழிமுறையும் கொடுத்தது. சுவிட்ச் உருவாக முக்கியக் காரணமாக இருந்த குழப்பம் அத்தோடு தீர்ந்தது. அதே விண்டோஸ் 8 கனெக்டட் ஸ்டாண்ட்பை என்ற ஒன்றையும் கொண்டுவந்தது. லேப்டாப் தூங்கும்போதும் வைஃபை விழித்திருந்து மின்னஞ்சலை வாங்க வேண்டும். ரேடியோ எப்போதும் ஆன் என்பதை அடிப்படையாக வைத்த வடிவமைப்பில், அதை அடியோடு நிறுத்தும் சுவிட்சுக்கு இடம் குறைந்துவிட்டது. லேப்டாப்கள் மெலிந்ததும், விமானத்திலேயே வைஃபை விற்கத் தொடங்கியதும் சேர்ந்துகொண்டன.

ஆதரவு மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்த காரணம் இன்னொன்று. பையில் வைக்கும்போது சுவிட்ச் தானாக நகர்ந்துவிடும். ‘இன்டர்நெட் வரவில்லை’ என்று அழைப்பு வந்தால், முதலில் சுவிட்சைப் பாருங்கள் என்று சொல்வதே எங்கள் வழக்கமாக இருந்தது. அதிலேயே முடிந்துபோன அழைப்புகள் ஏராளம். இத்தனை அழைப்புகளை உண்டாக்கும் ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் தயாரிப்பாளருக்கு நேரடி லாபம். அவர்கள் முடிவில் இது எவ்வளவு பங்கு வகித்தது என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் குறைவாக இருந்திருக்காது.

அவர்கள் எடுத்தது நியாயமா என்றால், பெரும்பாலானவர்களுக்கு நியாயம்தான் என்பேன். ஆனால் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மென்பொருளில் ஆஃப் என்பதன் பொருளை மென்பொருள் எழுதுபவர் மாற்றிக்கொண்டே இருக்கிறார். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இலிருந்து, ஐபோனின் கண்ட்ரோல் சென்டரில் வைஃபையைத் தட்டினால் அது இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும். ரேடியோ வேறு வேலைகளுக்காக ஆன் ஆகவே இருக்கும், காலை 5 மணிக்கு மீண்டும் இணையவும் தொடங்கும். ஆண்ட்ராய்டில் வைஃபை ஆஃப் என்று காட்டினாலும், இருப்பிடம் கண்டறிவதற்காக அது சுற்றியுள்ள நெட்வொர்க்குகளைத் தேடலாம் என்று ஓர் அமைப்பு உண்டு. விண்டோஸ் 10-இல் வைஃபையை ஆஃப் செய்தால், 1 மணி நேரம் கழித்துத் தானாக ஆன் செய்யட்டுமா என்று கேட்கும். இவை எதுவும் சதி இல்லை, வசதிக்காகச் செய்தவைதான். ஆனால் பயனர் ஆஃப் என்று நினைப்பதும் கருவி ஆஃப் என்று நினைப்பதும் இங்கே வேறுவேறு. கம்பி வழியாகப் போகும் கட்டளைக்கு அந்த மாதிரி விளக்கம் கொடுத்துக்கொள்ள வழியில்லை. இந்த வித்தியாசத்தை நான் மதிக்கிறேன். பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், ரகசிய ஆவணங்களைக் கையாள்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

உங்கள் புது லேப்டாப்புக்கு வருவோம். அன்றாட வேலைக்கும் விமானப் பயணத்துக்கும் ஏர்பிளேன் மோடே போதும், கவலைப்பட எதுவும் இல்லை. அதைவிட உறுதியாக வேண்டுமென்றால், பயாஸில் வயர்லெஸ், புளூடூத் இரண்டையும் டிசேபிள் செய்யும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக மாடல்களில் பெரும்பாலும் இருக்கும். அங்கே நிறுத்தினால் விண்டோஸுக்கு அந்தக் கருவி கண்ணிலேயே படாது. பயாஸுக்குப் பாஸ்வேர்டும் போட்டுவிடுங்கள். முழு உறுதி வேண்டுமென்றால் கார்டையே கழற்றிவிடலாம்: எம்.2 துளையில் ஒரே ஒரு திருகு, இரண்டு ஆன்டெனா வயர், அவ்வளவுதான். கழற்றிய வயர் முனைகள் போர்டில் எங்கும் உரசாதபடி டேப் சுற்றி வையுங்கள். பிறகு வைஃபை வேண்டியபோது ஒரு சின்ன யூஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகிக்கொள்ளுங்கள், முடிந்ததும் உருவிவிடுங்கள். மெலிந்த மாடல்கள் சிலவற்றில் வைஃபை சிப்பை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், அவற்றில் கழற்ற வழியில்லை. எனவே பிரிப்பதற்கு முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் வைஃபை கார்டு தனிப் பாகமாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.